முட்டிக்கு வாங்கின எண்ணெய்

...அதான் தம்பி நான் கேக்கறேன். ஒரு போரை நிறுத்தறதுன்னா முன்னாடியே ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? தண்ணிய நிறுத்தறதுக்கே கீழ லிப்ட்டுக்குப் பக்கத்துல நோட்டீஸ் ஒட்டறாங்க. கரண்ட நிறுத்தினா போனுக்கு மெசேஜ் வருது. இவ்வளவு பெரிய சண்டை, ரெண்டு நாடு, கப்பல் விமானம்னு எல்லாத்தையும் எறக்கிட்டு, திடுதிப்புன்னு ஒரு நாள் காலைல நின்னு போச்சுன்னா... அத நம்பி எறங்கினவங்க என்ன ஆவாங்கன்னு ஒருத்தராவது யோசிச்சாங்களா? கையைக் குலுக்கி போட்டோ எடுத்துக்கிட்டாங்க. சிரிக்க வேற செய்யறாங்க.

உங்க பார்சல்தான? இருக்கு, இருக்கு. எங்க போயிடப் போகுது. மாடியில புதுசா குடிவந்தவர் வீட்டுல இல்லைன்னு சொல்லி கூரியர் பையன் என்கிட்ட குடுத்துட்டுப் போனான். உள்ள வாங்க, வாசல்ல நின்னுட்டு வாங்கக் கூடாது. ஆனா ஒண்ணு... பார்சல்னு சத்தமா சொல்லிடாதீங்க. உள் ரூம்ல எங்க வீட்டுக்காரர் இருக்காரு. கால்தான் போச்சே தவிர காது நல்லா கேக்கும். ஏன்னு மெதுவாச் சொல்றேன், உக்காருங்க. அங்க இல்ல, அது சோபா மாதிரித் தெரியுது, ஆனா டின்னு. சோபா அதுக்கு அந்தப் பக்கம் எங்கயோ இருக்கு. நீங்க இந்த டின் மேலயே உக்காருங்க, குஷன் போட்டிருக்கேன் பாருங்க. எங்க வீட்டுல இப்ப எல்லாரும் டின் மேலதான் உக்காருறோம். பாஸ்டர் வந்தாக்கூட டின்னுதான்.

எல்லாம் எண்ணெய் தம்பி. சூரியகாந்தி எண்ணெய். பாத்ரூம் கதவு முழுசாத் தொறக்காது, ஒருக்களிச்சுத்தான் போகணும். கட்டிலுக்கு அடியில இருக்கு, டிவிக்குக் கீழ இருக்கு. டிவியே டின் மேலதான் நிக்குது. நல்ல எண்ணெய்தான், கொறை சொல்ல முடியாது. இவ்வளவு இருக்குதேங்கறதுதான் கொறை.

நான் ஒண்ணும் வெவரம் தெரியாதவ இல்ல, அதையும் சொல்லிடறேன். ஒரு ஆபீஸ் கேன்டீன்ல சமையல நான்தான் பாத்துக்கறேன். சரக்கு வாங்கறது, அளந்து குடுக்கறது எல்லாம் நான்தான். முன்னாடி ஒரு தடவை எங்கயோ கடல்ல ஒரு கப்பல் குறுக்க மாட்டிக்கிச்சு, அவ்வளவுதான். எண்ணெய் விலை ஏறுச்சு பாருங்க, கேன்டீன்ல பொரிக்கிறதையே நிறுத்திட்டு எல்லாத்தையும் வேகவெச்சுப் போட்டோம். ஆபீஸ் முழுக்க மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டுச் சாப்பிட்டாங்க. அப்பவே மனசுல குறிச்சு வெச்சுக்கிட்டேன். உலகத்துல எங்க என்ன நடந்தாலும் அது கடைசியில எண்ணெய்லதான் வந்து நிக்கும். பெரிய பெரிய ஆளுங்க டிவியில மணிக்கணக்கா உக்காந்து விளக்கறாங்களே, அதுக்கு இவ்வளவுதான் அர்த்தம்.

அப்பதான் இந்தச் சண்டை வந்துச்சு. எந்த நாடுன்னு கேக்காதீங்க, பேரு எனக்கு வாயில நுழையாது. அவருக்கு நுழையும். அவரு காலைல பல்லு தேய்க்கறதுக்கு முன்னாடி நியூஸ் போடற ஆளு. எங்க வீட்டுல அப்படிப் பிரிச்சாச்சு. உலகம் அவரோட பொறுப்பு, காசு என்னோட பொறுப்பு. அவரு அங்க யாரு யாரத் தாக்கினாங்கன்னு சொல்வாரு, நான் இங்க கரண்ட் பில்லு கட்டுவேன். கல்யாணம் ஆனதுல இருந்து இப்படித்தான், சண்டை சச்சரவு இல்லாம போயிட்டு இருந்துச்சு.

டீ குடிக்கிறீங்களா? வேண்டாமா. சரி, அவரப் பத்திச் சொல்லிடறேன், இல்லைன்னா இது புரியாது. அவரு லிப்ட் மெக்கானிக். லிப்ட்டுக்குக் கீழ ஒரு குழி இருக்கும், நீங்க பாத்திருக்க மாட்டீங்க, நாமெல்லாம் மேல ஏறிப் போறதோட சரி. அந்தக் குழிக்குள்ள எறங்கி, முட்டி போட்டு, ஸ்பிரிங்குக்கு கிரீஸ் போடறது, கம்பிய இழுத்துக் கட்டறதுன்னு காலமெல்லாம் அதே வேலை. முட்டி ரெண்டும் தேஞ்சு போச்சு. டாக்டர் எக்ஸ்ரே படத்த வெளிச்சத்துல காட்டி, இங்க ஏதாச்சும் இருக்கணும், ஆனா இல்லைன்னு சொன்னாரு. வேலைக்கு முட்டி போட்டுப் போட்டே தேஞ்சதால ஆண்டவருக்குப் போட மிச்சமில்லாமப் போச்சு. ராத்திரி ஜெபத்துக்கு நாற்காலியிலதான் உக்காருவாரு. உக்காந்த உடனே மொதல்ல ஒரு மன்னிப்பு கேப்பாரு. "ஆண்டவரே, முட்டி போட முடியல, தப்பா எடுத்துக்காதீங்க." தெனமும் கேப்பாரு. நேத்தே சொல்லியாச்சே, அவருக்கு மறந்தா போகும்னு நான் கேட்டா, "வீட்டுக்குள்ள நுழையும்போது செருப்பக் கழட்டறோம்ல, தெனமும்தான கழட்டறோம்"னு சொல்வாரு. இவர்கிட்ட பேசி ஜெயிக்க முடியாது.

ஆபரேஷனுக்குத்தான் காசு சேத்துட்டு இருந்தோம். பேங்க்ல டெபாசிட். ஒரு முட்டிக்குச் சேந்துடுச்சு. டாக்டர் என்ன சொல்றாரு, ரெண்டையும் பண்ணினாத்தான் நடக்க முடியும், ஒண்ண மட்டும் பண்ணினா அது முன்னால போகும், இன்னொண்ணு பின்னால நிக்கும்னு சொல்றாரு. இப்ப நீங்களே சொல்லுங்க. கையில ஒரு முட்டிக்குக் காசு. டிவியில போரு. மொத்தக்கடைக்காரர் போன் பண்ணி, "அக்கா, கப்பல் எல்லாத்தையும் மறிச்சுட்டாங்களாம், இப்ப வாங்கினா உண்டு, இன்னும் கொஞ்ச நாள்ல ரெண்டு மடங்காயிடும்"னு சொல்றாரு. ரெண்டு மடங்கு. ரெண்டு முட்டி. ஒரு மனுசி இதுக்கு மேல வேற என்ன அடையாளம் கேப்பா? நான் இத ஆண்டவரோட வழிநடத்துதல்னே நெனச்சேன். டெபாசிட்ட ஒடச்சுட்டேன்.

அவர்கிட்ட சொல்லல. கேன்டீன்ல பெயின்ட் அடிக்கிறாங்க, சரக்கக் கொஞ்ச நாளைக்கு நம்ம வீட்டுல வெச்சுக்கச் சொன்னாங்கன்னு சொன்னேன். "ம்"னாரு. அப்புறம் ஒரு நாள், பாத்ரூமுக்கு ஒருக்களிச்சுப் போயிட்டு வந்து, "இன்னுமா பெயின்ட் அடிக்கிறாங்க? பெரிய கேன்டீன் போல"ன்னாரு.

இங்க பாருங்க, இப்பதான் விஷயமே வருது. கைக்கடிகாரத்தப் பாக்காதீங்க. எங்க சபையில வாராவாரம் உலக சமாதானத்துக்காக ஜெபம் இருக்கும். பாஸ்டர் ஒவ்வொருத்தரா எழுப்பி விடுவாரு. அந்த வாரம் என்னைப் பாத்து, "சிஸ்டர், நீங்க அந்த ரெண்டு நாட்டுக்காக ஜெபிங்க"ன்னு சொல்லிட்டாரு. எழுந்து நின்னேன். சமாதானம் வேணும்னு கேட்டா வீட்டுல எண்ணெய் நிக்குது. வேண்டாம்னு கேக்க முடியுமா, சபையில நின்னுக்கிட்டு? கேட்டாலும் பொய் சொல்லக் கூடாது. அது ஜெபம். கொஞ்ச நேரம் யோசிச்சேன். எல்லாரும் நான் அந்த நாட்டுக்காக மனசுல பாரத்தோட நிக்கறேன்னு நெனச்சுக்கிட்டாங்க. அப்புறம் சொன்னேன்: "ஆண்டவரே, அந்த தேசங்களுக்குச் சமாதானத்தத் தாரும். எங்க அவசரத்துக்கு வேண்டாம். உம்முடைய வேளையில் தாரும்." இதுல ஒரு தப்பு சொல்லுங்க பாப்போம். சபை மொத்தமும் ஆமென்னு சொல்லுச்சு. பாஸ்டர், "பாத்தீங்களா, ஜெபம்னா இப்படி இருக்கணும், பொறுமையோட"ன்னு சொல்லி, அடுத்த வாரமும் என்னையே எழுப்பினாரு. அதுக்கடுத்த வாரமும் என்னையே. நானும் வாராவாரம், உம்முடைய வேளையில், உம்முடைய வேளையில்னு அத மட்டும் விடவே இல்ல.

வீட்டுல இவரு ஒருத்தரு. ராத்திரி ஆனா நாற்காலியில உக்காந்து, மன்னிப்பு கேட்டு முடிச்சுட்டு, அந்த நாட்டுக்கு வந்துடுவாரு. வேளையாவது ஒண்ணாவது. "ஆண்டவரே, இன்னைக்கே நிறுத்துங்க. அங்க புள்ளைங்க தூங்கி எத்தன நாளாச்சோ." ராத்திரிக்கு ஒரே ஒரு தடவதான் சொல்வாரு. ஏன் திருப்பித் திருப்பிக் கேக்க மாட்டேங்கறீங்கன்னு நானே ஒரு தடவை கேட்டேன், வாய வெச்சுக்கிட்டுச் சும்மா இல்லாம. அதுக்கு அவரு, "லிப்ட் பட்டன எத்தன தடவ அழுத்தினாலும் அது வர்ற நேரத்துக்குத்தான் வரும். ஒரு தடவை அழுத்தி லைட் எரிஞ்சுதுன்னா அதுக்குத் தெரிஞ்சுடுச்சுன்னு அர்த்தம். சும்மா குத்தினா பட்டன்தான் கெட்டுப் போகும்"ன்னாரு. எத்தன பட்டன மாத்தின மனுசன், தெரிஞ்சுதான சொல்வாரு.

அந்த நாள்ல நான் நியூஸ் பாக்க ஆரம்பிச்சேன் தம்பி. அதுவரைக்கும் பாத்தது கிடையாது. அவரு பக்கத்துலயே உக்காந்து பாத்தேன். துறைமுகத்துல குண்டு விழுந்துச்சுன்னு சொன்னா எனக்கு உள்ளுக்குள்ள ஒரு நிம்மதி. பேச்சுவார்த்தைன்னு சொன்னா டின்ன எண்ண ஆரம்பிச்சுடுவேன். அவரு உச்சுக் கொட்டும்போது நானும் உச்சுக் கொட்டுவேன், ஆனா வேற எடத்துல. ஒரு நாள் ஒரு பொம்பளையக் காட்டினாங்க. அடுப்படியில நிக்கிறா. அடுப்பு இருக்கு, அடுப்பு மேல சட்டி இருக்கு, பின்னால செவுரு இல்ல. செவுரு இருந்த எடத்துல தெரு தெரியுது. அவ கையில கரண்டி. கேமராவப் பாக்கல, சட்டியத்தான் பாத்துட்டு நிக்கிறா. அந்தச் சட்டி நம்ம வீட்டுச் சட்டி மாதிரியே இருந்துச்சு. சேனல மாத்திட்டேன். அவரு ரிமோட்ட வாங்கித் திரும்ப அதையே போட்டாரு.

அப்புறம்தான் அந்தக் காலை வந்துச்சு. நிறுத்திட்டாங்க. கப்பலெல்லாம் கிளம்பிடுச்சாம். எண்ணெய் விலை எறங்கின வேகம் இருக்கே, ஏறும்போது அப்படி ஏறல. நான் வாங்கின விலைக்கும் கீழ போயி உக்காந்துக்கிச்சு. மொத்தக்கடைக்காரருக்குப் போன் பண்ணினேன். "வித்த சரக்கத் திரும்ப எடுக்கறதில்லக்கா, உங்களுக்குத் தெரியாததா"ன்னு என்கிட்டயே திருப்பறாரு. எங்க கேன்டீன் முதலாளி பாதி விலைக்கு எடுத்துக்கறாராம். அரை முட்டிதான் வரும். அரை முட்டிய வெச்சு என்ன பண்றது? எங்க கொழுந்தனார் ஒரு யோசனை சொன்னாரு. "அண்ணி, வித்துடாதீங்க, அப்படியே வெச்சிருங்க. உலகத்துல எங்கயாச்சும் மறுபடி ஏதாச்சும் நடக்காமலா போயிடும்." அதுக்கு நான் மறுபடியும் டிவி முன்னால உக்காரணும். என்னால ஆகாதுன்னுட்டேன்.

சபையில என்ன நடந்துச்சு தெரியுமா? அந்த ஞாயித்துக்கிழமை பாஸ்டர் என்னை முன்னால கூப்பிட்டாரு. "நம்ம சிஸ்டர் வாராவாரம் இந்த பாரத்தச் சுமந்தாங்க, ஆண்டவர் ஜெபத்தக் கேட்டாரு, வந்து அவரு செஞ்சதச் சாட்சியாச் சொல்லுங்க." எல்லாரும் கை தட்டறாங்க. நான் போயி நின்னேன். வாயத் தொறந்தா அழுகதான் வருது. என் எண்ணெய், என் டெபாசிட், அவரோட முட்டி... அழுதுக்கிட்டே, "ஆண்டவர் நம்ம நெனக்கிறதுக்கு முன்னாடியே செஞ்சுட்டாரு"ன்னு சொன்னேன். அது உண்மைதான. முன் வரிசைல இருந்த அம்மா எழுந்து வந்து என்னைக் கட்டிக்கிட்டு அவங்களும் அழுதாங்க. வாழ்க்கைல நான் சொன்ன சாட்சியிலயே அதுதான் எல்லாருக்கும் பிடிச்ச சாட்சியாம். வெளிய வரும்போது பாஸ்டர்கிட்ட மெதுவா, "சபை விருந்துக்கு எண்ணெய் வேணும்னா என்கிட்ட இருக்கு பாஸ்டர்"னேன். முகமெல்லாம் சந்தோஷம் அவருக்கு. "காணிக்கையாவா சிஸ்டர்?"னாரு. ஆமான்னு சொல்லிட்டேன். வாய் பொறந்த நேரம் அப்படி. அதுல ஒரு டின் போச்சு.

இருங்க இருங்க, எழுந்திருக்காதீங்க, முடிச்சுடறேன். பார்சல் பத்திரமா இருக்கு, ஷெல்ப் மேல வெச்சிருக்கேன்.

நேத்து ராத்திரி. நான் அடுப்படியில பாத்திரம் கழுவிட்டு இருக்கேன். அவரு நாற்காலியில உக்காந்துட்டாரு. தண்ணிய நிறுத்தினேன், அவரு குரல் கேட்டுச்சு. முட்டி போட முடியலன்னு வழக்கம் போல மன்னிப்பு கேட்டாரு. சண்டை நின்னதுக்கு ஸ்தோத்திரம் சொன்னாரு. அப்புறம், "இன்னொரு சின்ன விஷயம் ஆண்டவரே"ன்னாரு. "இவ அந்த எண்ணெய என் முட்டிக்காகத்தான் வாங்கினா. கணக்கு தப்பிப் போச்சு. யாராச்சும் ஒருத்தரு எண்ணெய் கேட்டு வரட்டும். வர்றவங்கள இவ பேசிப் பேசியே வெரட்டிடாம நீங்கதான் பாத்துக்கணும்."

கேட்டீங்களா? நான் பேசி வெரட்டறேனாம்.

கையத் தொடச்சுட்டு நேரா போயி நின்னேன். எப்பத் தெரியும்னு கேட்டேன். டெபாசிட்ட முடிச்சா ரெண்டு பேரு போனுக்கும் மெசேஜ் வருமாம். அன்னைக்கே தெரியுமாம். எனக்கு வந்துச்சே பாருங்க கோவம். "அன்னைக்கே தெரிஞ்சும் எதுக்குங்க தெனமும் இன்னைக்கே நிறுத்து, இன்னைக்கே நிறுத்துன்னு கேட்டீங்க? கொஞ்சம் மெதுவாக் கேட்டிருக்கக் கூடாதா? இன்னும் கொஞ்ச நாள் இழுத்திருந்தா ரெண்டு முட்டியும் புதுசா வந்திருக்குமே"ன்னு கேட்டேன். இப்பக் கேட்டா அசிங்கமாத்தான் இருக்கு, ஆனா அப்பக் கேட்டுட்டேன். அவரு என்னை நிமிந்து பாத்தாரு. திட்டல. "எவன் வீடோ விழுந்துதான் நான் எழுந்திரிக்கணும்னா, நான் உக்காந்தே இருந்துக்கறேன்டி"ன்னாரு. சொல்லிட்டுப் போர்வைய எடுத்துக் குடுன்னாரு. தூங்கிட்டாரு.

இப்படி ஒரு மனுசனோட எப்படித் தம்பி குடும்பம் நடத்தறது? ஒரு சத்தம் போட்டிருந்தா நானும் ரெண்டு சத்தம் போட்டு மனசு ஆறியிருக்கும். எனக்குத் தூக்கம் வரல. அவருக்குப் பக்கத்துல தரையில முட்டி போட்டேன். எனக்கு முட்டி நல்லாத்தான இருக்கு. என்ன ஜெபிச்சேன்னு கேக்காதீங்க. அந்தச் சட்டிதான் கண்ணுல நின்னுச்சு. உம்முடைய வேளையில்னு மட்டும் வாயில வரல.

சரி. இப்ப ஏன் பார்சல்னு சத்தமா சொல்ல வேண்டாம்னேன்னா... காலைல இருந்து அவரு காது கதவு மேலயேதான் இருக்கு. பட்டன அழுத்தியாச்சுல்ல, லிப்ட் வரணும்ல. நீங்க பெல் அடிச்ச உடனே உள்ள இருந்து, "பாத்தியா, எண்ணெய்க்குத்தான் வந்திருக்காங்க, போய்த் தொற"ன்னாரு. நேத்து ராத்திரி கேட்டு இன்னைக்குக் காலைல வந்த ஒரே ஆளு நீங்கதான். பார்சலுக்கு வந்தவருன்னு போயி நான் எப்படிச் சொல்லுவேன்? நீங்க ஒத்த ஆளு, வெளியில சாப்பிடறவரு, கேஸே இன்னும் வாங்கலன்னு வாட்ச்மேன் சொன்னாரு, எல்லாம் தெரியும். ஒரு டின்னு. ஒரே ஒரு டின்னு எடுத்துக்கோங்க. காசு இப்பக்கூட வேண்டாம். எனக்காக இல்ல. நீங்க டின்னத் தூக்கற சத்தத்துக்குத்தான் அவரு அங்க காத்துட்டு இருக்காரு. நீங்க வெறுங்கையோட போனா அவரு கோவப்பட மாட்டாரு. "சரி, வேற யாராவது வருவாங்க"ன்னுதான் சொல்வாரு. அதத்தான் என்னால கேக்க முடியாது.

இதோ, இந்த ஓரத்துல இருக்கறது நல்லா மூடி போட்ட டின்னு. தூக்கறதுக்குக் கனமாத்தான் இருக்கும், கொஞ்சம் இந்தப் பக்கம் ஒரு கை குடுங்க... பாத்து, இடுப்பு புடிச்சுக்கும்... இப்படிப் பொரட்டி... வந்துடுச்சு. பாத்தீங்களா, ஒரு சொட்டுக் கசிவு இல்ல. தம்பி?

தம்பி...

கதவைக் கூடச் சாத்தாமப் போயிட்டாரு.

என்னங்க? இல்லங்க, போயிட்டாரு. நானா? நான் என்ன அப்படிப் பேசிட்டேன், ரெண்டு வார்த்தைதான... சரி, ரொம்பப் பேசிட்டேன். ஆமா, வெரட்டிட்டேன். ஒத்துக்கறேன். இனிமே வர்றவங்கள நீங்களே கூப்பிட்டுப் பேசுங்க, நான் வாயத் தொறக்கல.

என்னது? திரும்ப வருவாரா?

ஆமா, வருவாரு. நீங்க ஜெபிச்சத வெச்சுச் சொல்றீங்க. நான் அவரு பார்சல வெச்சுச் சொல்றேன். இன்னும் ஷெல்ப் மேலதான் இருக்கு.